பெயர் தெரியாத கணுக்களுக்கு நம்பிக்கை மதிப்பெண் போடுவது எப்படி?

கணு எனப்படும் சிறு சென்சார் கருவிகள் ஒன்றின் வழியே ஒன்று தரவை அனுப்பும் கம்பியில்லா சென்சார் வலையமைப்பில் இரண்டு தேவைகள் நேருக்கு நேர் மோதும். பக்கத்துக் கணு பாக்கெட்டை ஒழுங்காகக் கடத்துகிறதா என்று சொல்ல அதன் பழைய நடத்தை நினைவில் இருக்க வேண்டும். எந்தக் கணு எது என்று ஒட்டுக்கேட்பவருக்குத் தெரியாமலிருக்க, அது பெயரை அடிக்கடி மாற்ற வேண்டும். பெயர் மாறினால் நினைவு அறுந்துவிடும். நினைவை வெளிப்படையாகத் தொடர்ந்தால் பெயர் மாற்றியது வீண்.

குழுவில் ஒருவர் என்று மட்டும் காட்டி ஆளை மறைக்கும் குழுக் கையொப்பம், வளையக் கையொப்பம் என்று இதற்குத் தீர்வுகள் இருக்கின்றன. ஆனால் 10 கிலோபைட் ரேம், 48 கிலோபைட் ஃபிளாஷ் கொண்ட டெலோஸ்பி வகைக் கணுவில் அவற்றுக்குத் தேவையான நீள்வட்ட வளைவுக் கணக்கு ஒன்றைப் போடவே விநாடிகள் ஆகும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அதைச் செய்ய முடியாது. கட்டுப்படியாகும் வழி வேறு: மதிப்பெண்ணைப் பெயரோடு கட்டாமல், இரு கணுக்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சாவியோடு கட்டுவது. பெயர் எத்தனை முறை மாறினாலும் சாவி வைத்திருப்பவருக்கு அது பழைய ஆள்தான், மற்றவர்களுக்குப் புது ஆள். கீழே உள்ளதெல்லாம் இந்த ஒரே முடிவிலிருந்து கிளைப்பது. எண்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஐஇஇஇ 802.15.4 என்ற குறைசக்தித் தரமுறை ரேடியோவை வைத்துப் போடப்பட்டவை.

யாரிடமிருந்து மறைக்கிறோம்

இதை முதலில் தீர்மானியுங்கள். ஒரு ரிசீவரோடு காற்றில் வருவதைப் பதிவு செய்பவரிடமிருந்து மறைப்பதற்குப் புனைபெயர் போதும். வலைக்குள்ளேயே கைப்பற்றப்பட்ட ஒரு கணுவுக்குத் தன் பக்கத்துக் கணுக்களை மட்டும் தெரியும், அதற்கு மேல் தெரியக் கூடாது. இதையும் செய்துவிடலாம். ஆனால் பல ஆண்டெனாக்களை வைத்துச் சமிக்ஞை வரும் இடத்தையே கணிப்பவரிடம் புனைபெயர் எடுபடாது. நகராத கணு அதே இடத்திலிருந்துதான் பேசும். அந்த எதிரி உங்கள் கணக்கில் இருந்தால் போலிப் போக்குவரத்து, போலி மூலங்கள் எல்லாம் தேவைப்படும். நம்பிக்கைக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அவரைச் சமாளிக்க முடியாது.

சாவி, புனைபெயர், கைப்பிடி

இரு கணுக்களுக்கு மட்டும் தெரிந்த அந்தச் சாவிக்கு, அதாவது இணைச் சாவிக்கு, 2003-இல் வெளிவந்த லீப் முறை நன்றாகப் பொருந்தும். எல்லாக் கணுக்களிலும் ஒரு தொடக்கச் சாவியை ஏற்றி நிறுவுகிறீர்கள். நிறுவிய முதல் சில விநாடிகளில் ஒவ்வொரு கணுவும் பக்கத்தவர்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி இணைச் சாவியைக் கணக்கிட்டபின் தொடக்கச் சாவியை அழித்துவிடும். அந்தச் சில விநாடிகளுக்குள் கணுவைப் பிடித்துப் பிரிக்க முடியாது என்பதுதான் இந்த முறையின் அனுமானம். அறிமுகச் செய்திகளையும் தொடக்கச் சாவியால் மறையாக்குங்கள். இல்லையென்றால் உண்மையான அடையாளம் முதல் நிமிடத்திலேயே காற்றில் போய்விடும்.

காலத்தை 10 நிமிடச் சுற்றுகளாகப் பிரியுங்கள். இணைச் சாவியைக் கொண்டு, ஏஇஎஸ் மறையாக்கத்தின் அடிப்படையிலான சிமேக் என்ற முத்திரைச் சார்பு மூலம், சுற்று எண்ணையும் செல்லும் திசையையும் உள்ளீடாகத் தந்து ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பொருள்களை உருவாக்குங்கள்: 4 பைட் புனைபெயர், அந்தச் சுற்றுக்கு மட்டுமான மறையாக்கச் சாவி. அனுப்புநர் முகவரிப் புலத்தைக் காலியாக விட்டு, புனைபெயரைப் பேலோடின் தொடக்கத்தில் வையுங்கள்.

புனைபெயருக்கு 2 பைட் போதாதா என்ற கேள்வி வரும். காதில் விழும் தூரத்தில் 30 கணுக்கள், ஒவ்வொன்றுக்கும் 20 பக்கத்தவர் என்றால் ஒரே நேரத்தில் 600 புனைபெயர்கள் உலவும். உங்கள் கணு எதிர்பார்ப்பவை, நடப்பும் அடுத்ததுமாக, 40. 2 பைட்டில் ஏதோ ஒன்று தவறாகப் பொருந்தும் எதிர்பார்ப்பு ஒரு சுற்றுக்கு 600 × 40 ÷ 65536, அதாவது 0.37. மூன்று சுற்றுக்கு ஒருமுறையாவது வேறொருவர் பாக்கெட் உங்கள் கணக்கில் எட்டிப்பார்க்கும். 4 பைட்டில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

பெறுநர் முகவரிக்கு வேறு ஏற்பாடு தேவை. சிசி2420 போன்ற ரேடியோ, முகவரி வடிகட்டி இயங்கினால்தான் ‘பாக்கெட் கிடைத்தது’ என்ற ஏற்புச் செய்தியைத் தானாக அனுப்பும். ஒவ்வொரு அனுப்புநருக்கும் வேறு வேறு பெறுநர் பெயர் வைத்தால் வடிகட்டியை அணைக்க வேண்டியிருக்கும். அதோடு ஏற்பும் போய்விடும். 192 மைக்ரோவிநாடிக்குள் மென்பொருளில் ஏற்பு அனுப்புவது கனவு. அதனால் ஒவ்வொரு கணுவுக்கும் சுற்றுக்கு ஒரு 2 பைட் கைப்பிடி இருக்கட்டும். அதன் பக்கத்தவர் எல்லோருக்கும் அது தெரியும், வெளியாருக்கு அது வெறும் எண். 65534, 65535 இரண்டும் ஒதுக்கப்பட்டவை. அவை வந்தால் ஒன்றைக் கூட்டி மீண்டும் கணக்கிடுங்கள்.

கைப்பிடியைக் கணக்கிடத் தேவையான விதை எண்ணைக் கணுவே சொல்ல விடாதீர்கள். தொடக்கச் சாவி அழியும் முன் பக்கத்தவர்களே அதிலிருந்து கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கணுவே சொல்வதானால் ஒருவரிடம் ஒரு கைப்பிடி, மற்றவரிடம் இன்னொன்று என்று கொடுத்து, பின்னால் வரும், அடுத்தவரிடம் கருத்துக் கேட்கும் பரிந்துரைக் கட்டத்தில் இரட்டை வாழ்க்கை வாழும். பின்னால் சேரும் புதுக் கணுவின் விதையைப் பழைய கணுக்களால் கணக்கிட முடியாது. அதை, எல்லாத் தரவும் வந்து சேரும் மையமான பேஸ் ஸ்டேஷன்தான் ஒவ்வொருவரோடும் தனக்குள்ள தனிச் சாவியில் பூட்டி அனுப்ப வேண்டும்.

பெயர் மாறியும் காட்டிக்கொடுப்பவை

புனைபெயர் முறையை எழுதி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம். உண்மையில் கசிவு பெரும்பாலும் பெயரில் இல்லை, பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் புலங்களில்தான் இருக்கிறது.

ஃபிரேமின் 1 பைட் வரிசை எண் முதல் குற்றவாளி. சுற்று மாறும்போது 117-க்கு அடுத்து 118 என்று அது பாட்டுக்கு ஓடும். பெயர் மாறியவர் யார் என்று கண்டுபிடிக்க வேறெதுவும் தேவையில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதற்குப் புதுத் தற்செயல் தொடக்கம் கொடுங்கள்.

பாதுகாப்புத் தலைப்பில் மறையாக்காமல் போகும் 4 பைட் ஃபிரேம் எண்ணி இன்னும் மோசம். அது ஏறுமுகமாகவே செல்லும், ஒவ்வொரு கணுவிலும் வேறு உயரத்தில் இருக்கும். சுற்றுக்கு ஒரு புதுச் சாவி இருப்பதால் அதைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். 2 பைட்டும் போதும். சாவியை மாற்றாமல் எண்ணியை மட்டும் பூஜ்யமாக்கினால் ஒரே நான்ஸ் (ஒரு சாவியோடு ஒருமுறை மட்டுமே வர வேண்டிய எண்) இரண்டு முறை வரும், மறையாக்கமே உடையும். இந்த இரண்டையும் எப்போதும் ஒன்றாகவே மாற்றுங்கள்.

தரமுறையின்படி நான்ஸில் 8 பைட் நிரந்தர முகவரி இடம்பெறும். அதற்குப் பதில் புனைபெயர் 4 பைட், சுற்று எண் 4, எண்ணி 2, பூஜ்யம் 3 என்று 13 பைட்டை நிரப்புங்கள்.

பெயர் மாற்றத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் மாறினால், காணாமல் போன ஒரு பெயரையும் புதிதாய் முளைத்த ஒரு பெயரையும் கோடு போட்டு இணைத்துவிடலாம். 802.15.4 அனுமதிக்கும் படிகப் பிழை பத்து லட்சத்தில் 40 பங்கு. 10 நிமிடத்தில் ஒரு கணு 24 மில்லிவிநாடி விலகும், எதிர்த்திசையில் விலகும் இருவருக்கிடையே 48. சுற்றுக்கு ஒருமுறை நேரத்தைச் சரிசெய்து, எல்லைக்கு இருபுறமும் 100 மில்லிவிநாடி யாரும் பேசாமல் இருந்தால் போதும். வரிசையில் காத்திருக்கும் பாக்கெட்டுகளுக்கு எல்லை தாண்டியதும் தலைப்பைப் புதிதாக எழுத வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, ஒவ்வொரு 10 நிமிடமும் கொஞ்சம் பாக்கெட் ஏன் தொலைகிறது என்று தேடுவார்கள்.

சாட்சியம் சேர்ப்பது

கணு அ தன் பாக்கெட்டைக் கணு க வழியாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். க அதைக் கடத்தியதா?

இணைப்பு நிலை ஏற்பை இதற்குச் சாட்சியமாக எடுக்காதீர்கள். பழைய வடிவ ஏற்பு 5 பைட்தான். அதில் வரிசை எண் மட்டும் இருக்கும், சாவியால் போட்ட முத்திரை கிடையாது. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். மேலும் அது வாங்கிக்கொண்டதைத்தான் சொல்கிறது, கடத்தியதை அல்ல.

2000-ஆம் ஆண்டு முதல் புழங்கும் காவல்நாய் முறையில், அனுப்பியவரே அடுத்தவர் கடத்துவதை ஒட்டுக்கேட்டு உறுதி செய்துகொள்வார். இங்கே அது அப்படியே வேலை செய்யாது. கணுவிலிருந்து கணுவுக்குப் போகும் ஒவ்வொரு தாவலிலும் புனைபெயரும் மறையாக்கமும் மாறுவதால், க வெளியே அனுப்புவது அ கொடுத்ததுதானா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பாக்கெட்டின் ஒரு பகுதியை மாறாமல் விட்டால் அ-வுக்கு எளிது. ஒட்டுக்கேட்பவருக்கும் அதே அளவு எளிது: அந்த மாறாத பைட்டுகளைப் பிடித்துக்கொண்டு மூலம் வரை நடந்து போய்விடுவார்.

தீர்வு, எதிரொலிப் புலம். க கடத்தும்போது தலைப்பில் 2 பைட் சேர்க்கிறது. அந்த 2 பைட், அ-க இணைச் சாவியையும் அ கொடுத்த பாக்கெட்டின் எண்ணியையும் கொண்டு கணக்கிட்டது. அ அதை எதிர்பார்த்திருக்கும். மற்ற எல்லோருக்கும் அது இரைச்சல். க-வே உருவாக்கிய பாக்கெட்டுகளில் அந்த இடத்தில் தற்செயல் எண் இருக்கட்டும். இல்லையேல் எது சொந்தச் சரக்கு, எது கடத்தல் சரக்கு என்று தெரிந்துவிடும்.

அடுத்த மோதல் நேரத்தில் வரும். வந்த பாக்கெட்டை உடனே வெளியே அனுப்பினால் நேரத்தை வைத்தே உள்வரவையும் வெளிச்செலவையும் இணைத்துவிடலாம் என்பதால், மறைவை விரும்புபவர்கள் தற்செயல் தாமதம் வைப்பார்கள். அந்தத் தாமதம் முழுக்க அ ரேடியோவைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் பேட்டரி தாங்காது. சிசி2420 கேட்கும்போது 18.8 மில்லி ஆம்பியர் இழுக்கும். 2500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இடைவிடாமல் கேட்டால் ஐந்தரை நாளில் காலி. எனவே தாமதத்தையும் இணைச் சாவியிலிருந்தே எடுங்கள்: சாவியும் எண்ணியும் கொண்டு கணக்கிட்டதை 2000-ஆல் வகுத்த மீதி, மில்லிவிநாடியில். க எப்போது பேசும் என்று அ-வுக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் 50 மில்லிவிநாடி மட்டும் கண் விழித்தால் போதும். சுற்றுக்கு 20 பாக்கெட்டைத் தற்செயலாகத் தேர்ந்து பார்த்தால் 600 விநாடியில் 2 விநாடிக் கேட்பு. ஒரு நாளைக்கு 1.5 மில்லி ஆம்பியர்-மணிதான் செலவு. எந்த 20 என்று க-வுக்குத் தெரியக் கூடாது.

எதிரொலிக்கும் ஓட்டை உண்டு. சரியான எதிரொலியை ஒட்டிவிட்டு உள்ளே குப்பையை அனுப்பலாம். அ-வுக்கு மட்டும் கேட்கும்படி சக்தியைக் குறைத்து அனுப்பி, அடுத்த கணுவை எட்டாமலும் செய்யலாம். இதைப் பிடிக்க பேஸ் ஸ்டேஷன் ஆறு சுற்றுக்கு ஒருமுறை, தனக்கு வந்து சேர்ந்த எண்ணிகளின் பிட் வரைபடத்தை முத்திரையிட்டு மூலக் கணுவுக்கு அனுப்பட்டும். எதிரொலி நன்றாக இருந்து வந்துசேர்வது குறைந்தால், தவறு க-விடமா அதற்கு அப்பாலா என்று ஒரே பாதையை வைத்துச் சொல்ல முடியாது. தாவலுக்கு 0.97 தேறினாலே ஐந்து தாவலில் 0.86-தான் மிஞ்சும். இரண்டு அடுத்த கணுக்கள் வழியே மாற்றி மாற்றி அனுப்பி இரண்டையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம்தான் சாட்சியம்.

கேளாததும் கடத்தாததும்

க கடத்தியும் அ-வின் காதில் விழாமல் போகலாம். இதைப் பிரிக்காமல் எழுதப்பட்ட நம்பிக்கை முறைகள் நல்ல கணுக்களைத்தான் முதலில் துரத்தும்.

முதலில் கேட்புத் திறனை அளவிடுங்கள். க சுற்றுக்கு 12 வணக்கச் செய்திகளை, முத்திரைக்குள் எண்ணியோடு, அனுப்புகிறது. எண்ணியில் விழும் இடைவெளிகள் எத்தனை தவறின என்று சொல்லும். நான்கு சுற்றுச் சராசரியை எடுங்கள். 0.8 வந்தது என்று வைப்போம். அப்படியானால் 20 பாக்கெட்டில் 16 எதிரொலி எதிர்பார்க்கலாம்.

15 கேட்டால் ஒன்றேகால் பாக்கெட்டைக் கெட்டதாக எழுதுவதா? இயல்பாகத் தோன்றும் இந்த வழி ஆபத்தானது. 16-க்கு மேலே போகும் அதிர்ஷ்டத்துக்கு வரவு கிடையாது, கீழே போகும் துரதிர்ஷ்டத்துக்கு மட்டும் பற்று எழுதப்படுகிறது. முழுக்க நேர்மையான கணுவின் மீதும் சுற்றுக்கு ஏறக்குறைய 0.9 கெட்ட எண்ணிக்கை ஏறும். அடுத்த பகுதியில் வரும் மெதுவான மறதியோடும், நல்லதற்கு வைக்கும் 40 என்ற உச்சவரம்போடும் சேர்ந்தால் அது 45 வரை திரண்டு, மதிப்பெண் 0.47-க்கு இறங்கிவிடும்.

அதனால் ஒரு சலுகைப் பட்டை வையுங்கள். திட்டவிலக்கம், 20 × 0.8 × 0.2-இன் வர்க்கமூலம், 1.79. அதன் இரண்டரை மடங்கு 4.5. எனவே 12-உம் அதற்கு மேலும் கேட்டால் 20-உம் நல்லது என்று எழுதுங்கள். 11-உம் அதற்குக் கீழும் என்றால் மட்டும் கேட்ட எண்ணிக்கையை 0.8-ஆல் வகுத்து நல்லதாகவும், மிச்சத்தைக் கெட்டதாகவும் கொள்ளுங்கள். 8 கேட்டால் 10 நல்லது, 10 கெட்டது. நேர்மையான கணு நூறு சுற்றுக்கு ஒருமுறை தவறாக மாட்டும். அது தாங்கும். சுற்றில் 20 பாக்கெட் சேரவில்லையென்றால் சேரும்வரை அடுத்த சுற்றுகளுக்குக் கொண்டுபோங்கள். சிறு எண்ணிக்கையில் இந்தச் சோதனைக்குப் பொருளில்லை.

கெட்டிக்காரக் கணு வணக்கச் செய்திகளையே மங்கலாக அனுப்பி, தன் கேட்புத் திறனைக் குறைத்துக் காட்டி, பட்டையை அகலமாக்கிக்கொள்ளும். கேட்புத் திறன் 0.6-க்குக் கீழே போனால் எதிரொலிச் சோதனையை விட்டுவிட்டு பேஸ் ஸ்டேஷன் அறிக்கையை மட்டும் நம்புங்கள். வேறு வழி இருந்தால் அந்த இணைப்பையே விட்டுவிடுங்கள். கெட்டதோ பலவீனமோ, இரண்டுக்கும் ஒரே மருந்துதான்.

மதிப்பெண்

ஜோசாங், இஸ்மாயில் இருவரும் 2002-இல் முன்வைத்த பீட்டா முறை சின்னக் கணுக்களுக்கு இன்றும் போதுமானது. ஒவ்வொரு பக்கத்தவருக்கும் இரண்டே எண்கள்: ந என்பது நல்லதன் திரட்டு, கெ என்பது கெட்டதன் திரட்டு.

நம்பிக்கை = (ந + 1) ÷ (ந + கெ + 2)
ஐயம் = 2 ÷ (ந + கெ + 2)

புதியவருக்கு நம்பிக்கை 0.5, ஐயம் 1. இந்த இரண்டாவது எண்ணைச் சேமிக்காதவர்கள் பலர். ஒன்றுமே தெரியாத 0.5-உம், நூறு முறை பார்த்துப் பாதி தவறிய 0.5-உம் ஒன்றல்ல.

ஒவ்வொரு சுற்று முடிவிலும் பழையதைக் கொஞ்சம் மறக்க வேண்டும். நல்லதைச் சீக்கிரம், கெட்டதை மெதுவாக: ந-வை 0.9-ஆலும் கெ-வை 0.98-ஆலும் பெருக்கிவிட்டுப் புதியதைக் கூட்டுங்கள். முதலாவது ஆறேழு சுற்றில் பாதியாகும், இரண்டாவது 34 சுற்றில்.

இத்தோடு நிறுத்தினால் விட்டு விட்டுத் தாக்குபவர் ஜெயிப்பார். சுற்றுக்கு 20 நல்லது சேர்ந்துகொண்டே போனால் ந 200-இல் நிலைக்கும். அந்த உயரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு மூன்று சுற்று முழுக்க எல்லாப் பாக்கெட்டையும் விழுங்கினாலும் ந 145.8, கெ 58.8, நம்பிக்கை 0.71. வாசல் 0.7 என்றால் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். ந-வுக்கு 40 என்று உச்சவரம்பு வையுங்கள். இப்போது ஒரே சுற்று விழுங்கினால் ந 36, கெ 20, நம்பிக்கை 0.64. அன்றே வெளியே. கெ-வுக்கு 60 வரம்பு போதும்.

இந்த அமைப்பில் 30 சதவீதம் விழுங்குபவர் நாலைந்து சுற்றில் மாட்டுவார். 10 சதவீதம் மட்டும் விழுங்குபவரைப் பிடிக்கச் சராசரியாக 50 சுற்று, அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பட்டையை இரண்டு திட்டவிலக்கமாகச் சுருக்கினால் அது 20 சுற்றாகக் குறையும். ஆனால் நேர்மையான கணுக்கள் தவறாக மாட்டுவது மூன்று மடங்காகும். கண்ணியமான திருடனைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்வது மேல் என்பது எங்கள் கணிப்பு.

மிதவைப் புள்ளிக் கணக்கு வேண்டாம். 16 பிட்டில், கீழ் 8 பிட்டைப் பின்னமாக வையுங்கள். 0.9-க்கு 230, 0.98-க்கு 251-ஆல் பெருக்கி 8 பிட் வலப்பக்கம் நகர்த்துங்கள். இடைநிலைப் பெருக்கற்பலனுக்கு 32 பிட் வேண்டும். ரேமை மிச்சப்படுத்த 8 பிட்டில், கால் அலகில், சேமிக்கும் ஆசை வரும், அதை அடக்குங்கள். அருகிலுள்ள முழு எண்ணுக்குச் சரிசெய்தால் 25-உம் அதற்குக் கீழும் உள்ள எண்கள் 251-ஆல் பெருக்கியும் குறையாமல் அப்படியே நிற்கும். ஆறேகால் கெட்ட எண்ணிக்கை ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். பின்னத்தை வெட்டிவிட்டால் ஒவ்வொரு சுற்றும் குறைந்தது கால் அலகு போய், மறதி தறிகெட்டு வேகமாகும்.

சென்சார் அளவீட்டின் நம்பகத்தை இதில் கலக்காதீர்கள். பழுதான வெப்பமானி வைத்திருக்கும் கணு பாக்கெட்டுகளை மிக நேர்மையாகக் கடத்தக்கூடும். அதற்குத் தனி ந, தனி கெ.

உள்ளே, வெளியே

ஐயம் 0.2-க்கு மேல் இருந்தால் எந்த முடிவும் எடுக்காதீர்கள். ந, கெ கூட்டுத்தொகை 8 ஆகும்வரை பொறுங்கள். அதன்பின் நம்பிக்கை 0.7-க்குக் கீழே போனால் பாதையிலிருந்து விலக்குங்கள். 0.8-க்கு மேல் ஏறினால் மட்டும் திரும்பச் சேருங்கள். இரண்டுக்கும் ஒரே வாசல் வைத்தால் பாதை நிமிடத்துக்கு நிமிடம் ஆடும். ஆர்பிஎல் போன்ற வழிச்செலுத்தலில் அந்த ஆட்டம் வலை முழுக்கப் பரவும்.

விலக்கிய கணுவுக்குப் பாக்கெட் கொடுப்பதில்லை. பாக்கெட் இல்லையென்றால் சாட்சியம் இல்லை. ந வேகமாகத் தேயும், கெ மெதுவாகத் தேயும், கணு ஒருபோதும் மீளாது. தற்காலிக இடையூறால் கெட்ட பெயர் வாங்கிய நல்ல கணுக்கள் இப்படித்தான் நிரந்தரமாகத் தொலைகின்றன. மறைவுக்காக அனுப்பும் போலிப் பாக்கெட்டுகளில் சிலவற்றை இதற்குத் திருப்பிவிடுங்கள்: சுற்றுக்கு 2, விலக்கப்பட்ட கணு வழியாக. பத்துச் சுற்றில் 20 சேர்ந்ததும் வழக்கமான சோதனை. கெ உச்சத்தில் இருந்தவர் ஒழுங்காக நடந்தால் ஏறக்குறைய முக்கால் நாளில் திரும்புவார். போலியா அசலா என்று அவருக்குத் தெரியாத வரையில்தான் இது செல்லும். நீளமும் வடிவமும் ஒன்றாகவே இருக்கட்டும்.

அடுத்தவர் சொல்வதைக் கேட்பது

நேரடிச் சாட்சியம் போதுமானால் கேட்காதீர்கள். ஐயம் 0.2-க்கு மேல் இருக்கும்போது மட்டும் கேளுங்கள். பெயரில்லா வலையில் ஒவ்வொரு கேள்வியும் ஒரு கசிவு.

புனைபெயரைச் சொல்லி விசாரிக்க முடியாது. அ-வுக்குத் தெரிந்த க-வின் புனைபெயர் கணு ப-வுக்குத் தெரியாது. இருவருக்கும் பொதுவானது கைப்பிடிதான். விசாரிப்பதும் பதிலும் அ-ப இணைச் சாவியில் மறையாக்கிப் போகட்டும், சாதாரணப் பாக்கெட்டின் நீளத்திலேயே.

பதிலில் 0.873 என்று துல்லியமான எண்ணைத் தராதீர்கள். பெயர் மாறுவதற்கு முந்தைய சுற்றிலும் பிந்தைய சுற்றிலும் 0.873, 0.874 என்று வந்தால் அந்த எண்ணே கைரேகை. 2 பிட் போதும், அடைப்புக்குள் இருப்பவை அதற்கு எடுத்துக்கொள்ளும் ந, கெ: நல்லவர் (8, 0), சந்தேகம் (4, 4), கெட்டவர் (0, 8), தெரியாது (0, 0). சொன்னவர் மீது நமக்குள்ள நம்பிக்கைக்கேற்ப அதன் எடையைக் குறைத்து எடுங்கள். ப மீது அ வைத்திருப்பது ந1, கெ1. ப சொன்னது ந2, கெ2 என்றால்:

வகுக்கும் எண் = (கெ1 + 2) × (ந2 + கெ2 + 2) + 2 × ந1
எடுக்க வேண்டிய ந = 2 × ந1 × ந2 ÷ வகுக்கும் எண்
எடுக்க வேண்டிய கெ = 2 × ந1 × கெ2 ÷ வகுக்கும் எண்

ப மீது நமக்கு (30, 2) இருந்து அது க-வை நல்லவர் என்றால், 480 ÷ 100, அதாவது 4.8 நல்லது சேரும். ப-வே (4, 16) என்று கிடந்தால் 64 ÷ 188, வெறும் 0.34. எத்தனை பேர் சொன்னாலும் பரிந்துரையால் வரும் மொத்தம் 6-ஐத் தாண்டக் கூடாது. கூட்டுச் சேர்ந்து அவதூறு பேசுபவர்களுக்கும், ஒருவரையொருவர் தூக்கிவிடுபவர்களுக்கும் அதுதான் கடிவாளம். கேட்டதை நேரடித் திரட்டில் கலக்காமல் தனியே வைத்து, சுற்று முடிந்ததும் தூக்கி எறியுங்கள். கலந்துவிட்டால் நாளை அதையே நீங்கள் இன்னொருவருக்குச் சொல்வீர்கள். ஒரு வதந்தி வலையைச் சுற்றி வந்து உங்களுக்கே சாட்சியமாகத் திரும்பும்.

பட்டியலில் இடம் போதாவிட்டால்

ஒரு பக்கத்தவருக்கு இணைச் சாவி 16 பைட், முந்தைய, நடப்பு, அடுத்த புனைபெயர்கள் 12, ந, கெ 4, எண்ணிகளும் மற்றவையும் 10 என்று 42 பைட் ஆகும். 20 பேருக்கு 840. இடம் நிறைந்தால் ஐயம் அதிகமுள்ளவரை வெளியேற்றுங்கள். நெடுநாள் பேசாதவரை வெளியேற்றாதீர்கள். அப்படிச் செய்தால், கெட்ட பெயர் எடுத்தவர் கொஞ்ச நாள் மௌனமாக இருந்துவிட்டு 0.5-உடன் புதியவராக வருவார்.

ரீபூட்டும் இதே ஓட்டைதான். ந, கெ இரண்டையும் ஃபிளாஷில் சேமியுங்கள், ஆனால் ஒவ்வொரு சுற்றும் வேண்டாம். டெலோஸ்பியில் உள்ள எம்எஸ்பி430 சில்லின் ஃபிளாஷுக்கு உத்தரவாதமுள்ள அழிப்புகள் 10,000. நாளைக்கு 144 முறை ஒரே இடத்தை அழித்து எழுதினால் 70 நாளுக்குள் அந்த எல்லை வந்துவிடும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதினால் போதும்.

சோதனை

கான்டிகி-என்ஜி என்ற கணு இயங்குதளத்தோடு வரும் கூஜா என்ற வலை உருவகப்படுத்தியில் முதலில் தாக்குபவர் யாருமின்றி 200 சுற்று ஓட்டுங்கள். இணைப்புத் தரத்தை வேண்டுமென்றே 0.7 முதல் 0.95 வரை கலந்து வையுங்கள். நேர்மையான கணு ஒன்றாவது 0.7-க்குக் கீழே இறங்கினால் மேலே போகாதீர்கள்; பட்டையிலோ கேட்புத் திறன் அளவீட்டிலோ பிழை இருக்கிறது. பிறகு ஒவ்வொரு தாக்குதலையும் தனித்தனியே ஓட்டுங்கள்: முழுதும் விழுங்குபவர், 30 சதவீதம், 10 சதவீதம், மூன்று சுற்று கெட்டு முப்பது சுற்று திருந்துபவர், பக்கத்தவரில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்து பொய் சொல்வது. மேலே சொன்ன சுற்று எண்ணிக்கைகளோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

மறைவுச் சோதனையைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை. எல்லா ரேடியோ பாக்கெட்டையும் பதிவு செய்து, மறையாக்காத புலங்கள், நீளம், நேரம் ஆகியவற்றை மட்டும் ஒரு சிறு நிரலுக்குக் கொடுங்கள். சுற்று எல்லைக்கு முன்னிருந்த புனைபெயர்களைப் பின்னிருப்பவற்றோடு அது இணைக்க முயலட்டும். ஒத்த போக்குவரத்துள்ள 10 கணுக்களில் பத்தில் ஒன்றுக்கு அருகில் சரியாக வந்தால் நல்லது. 0.9 வந்தால் வரிசை எண்ணையும் ஃபிரேம் எண்ணியையும் முதலில் பாருங்கள், அடுத்து வணக்கச் செய்திகளின் நேரத்தை. சரியாக 50 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் கணுவின் கட்டம் எல்லை தாண்டியும் மாறாது. ஒவ்வொரு இடைவெளியையும் தற்செயலாகக் கலைக்க வேண்டும். சமிக்ஞை வலிமையை இந்தச் சோதனையில் சேர்க்காதீர்கள். கூஜாவின் எளிய ரேடியோ மாதிரியில் அது தூரத்தைப் பொறுத்து இரைச்சலே இல்லாமல் வருவதால், நிரல் ஒவ்வொரு முறையும் சரியாகவே சொல்லும். அதை அளக்க விரும்பினால் உண்மையான வன்பொருளை உண்மையான இடத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.